பொறுப்பு டாக்டர்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு லட்சியம் போதவில்லை என்று மேலிடம் கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்த விதம் எளிமையானது. ஒரு வெள்ளிக்கிழமை, கடைசி மணி அடிக்கப் போகிற நேரத்தில், எல்லா வகுப்பிலும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அடுத்து என்ன செய்யப் போகிறாய்?" முக்கால்வாசிப் பிள்ளைகள் "வீட்டுக்குப் போகப் போறேன்" என்றார்கள். மேலிடம் ஆடிப்போய்விட்டது. வருங்காலத் தூண்கள் அத்தனையும் வீட்டுக்குப் போய்விட்டால் நாட்டை யார் தாங்குவது?

உடனே 'மேலே பார்' என்றொரு திட்டம் பிறந்தது. வேலை பார்க்கும் பெரியவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவது. காட்டினால் லட்சியம் தானாக உயரும். பார்ப்பதற்கு முன்பு ஒரு தடவையும் பார்த்த பின்பு ஒரு தடவையும் பிள்ளை தன் லட்சியத்தைச் சபையில் சொல்ல வேண்டும். பின்னது முன்னதைவிட உயரத்தில் இருந்தால் உயர்வுச் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் அடுத்த வருஷம் மேல்வகுப்பில் கேட்ட பிரிவு கிடைக்கும். மதிப்பெண் என்னாவது என்று யாரோ விவரம் தெரியாமல் கேட்டதற்கு, "மதிப்பெண் கடந்த காலம், லட்சியம் எதிர்காலம், நாம் எதிர்காலத்துக்குத்தான் இடம் கொடுக்கிறோம்" என்று பதில் வந்தது.

இந்த விவரம் எதுவும் தெரியாமல்தான் வாஷிங் மெஷின் மெக்கானிக் ஒருவர் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையின் வீட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு மெஷினுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். சுழலும்போது மெஷின் குளியலறையிலிருந்து கிளம்பிச் சமையலறை வரைக்கும் நடந்து வருகிறது என்பது புகார்.

தலைமையாசிரியை அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திடீரென்று கேட்டார்:

"நீங்க வேலை பாக்கறவர்தானே?"

"அதானேம்மா பாத்துக்கிட்டு இருக்கேன்."

"வயசு?"

"நாப்பதைத் தாண்டியாச்சு."

"அப்போ பெரியவர். வியாழக்கிழமை காலையில பள்ளிக்கூடத்துக்கு வந்துடுங்க."

பள்ளிக்கூடத்திலும் ஏதோ மெஷின் நடக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மெக்கானிக் தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவருடைய மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவள் அதே பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறவள்.

"அப்பா, அங்க மெஷின் எதுவும் இல்ல. உன்னைத்தான் காட்டப் போறாங்க."

"என்னை எதுக்குக் காட்டணும்? நீதான் தினமும் பாக்கறியே."

"எனக்கு மட்டும் இல்லப்பா, எல்லாருக்கும். உன்னைப் பாத்து எங்க லட்சியம் உயரணும்."

மெக்கானிக் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. போய்க் கழுவிக்கொண்டு வந்தார்.

மகளுக்கு லட்சியம் உயர வேண்டிய அவசியமே கிடையாது. அது பிறந்ததிலிருந்தே உச்சாணிக் கொம்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. கோழிக்கடைக்கு அனுப்பினால், ஈரல் எது, இதயம் எது, அது எந்தப் பக்கம் துடித்திருக்கும் என்று கடைக்காரரிடம் விவாதம் செய்துவிட்டுக் கறி வாங்காமல் திரும்பி வருகிற பெண். டாக்டராக வேண்டும், அதற்கு மேல்வகுப்பில் உயிரியல் பிரிவு வேண்டும், அவ்வளவுதான் அவள் பேச்சு. வகுப்பில் அவள்தான் முதல். போன வருஷமாக இருந்தால் அதுவே போதும். இந்த வருஷம் சான்றிதழ் வேண்டும்.

"உன் பொண்ணு சீட்டு இதுலதான் இருக்கு. போன இடத்துல வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு" என்று மெக்கானிக்கின் மனைவி அவருக்கு இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். அவள் துணிக்கடையில் பேண்ட்டுகளுக்குக் கால் மடித்துத் தைப்பவள். எந்த விஷயத்தையும் தேவையான அளவுக்கு மேல் நீளமாக விடமாட்டாள்.

வியாழக்கிழமை மெக்கானிக் வெள்ளைச் சட்டையோடு கருவிப் பையையும் எடுத்துக்கொண்டுதான் போனார். பையில்லாமல் வெளியே கிளம்பினால் அவருக்குக் கை காலெல்லாம் இல்லாத மாதிரி இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் நுழைகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் 'பொறுப்பு'. ஒரு நாற்காலிக்கு உரியவர் இல்லாதபோது பக்கத்து நாற்காலிக்காரரை அதில் உட்கார வைப்பதற்கு அந்தப் பெயர். உட்கார்ந்தவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இருக்கிறார் என்று காட்டினால் போதும். தலைமையாசிரியை உண்மையில் ஓவிய ஆசிரியை. பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்ற அன்று சாயந்திரம் பொறுப்பேற்றவர், நிரந்தரமாக ஒருவர் வருவார் என்று இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓவிய வகுப்புக்குப் பொறுப்பு வாட்ச்மேன். பிள்ளைகள் வாசல் கேட்டை வரைந்து வரைந்து அதில் கைதேர்ந்துவிட்டார்கள். கேட்டுக்குப் பொறுப்பு யாரும் இல்லை. அதனால் மெக்கானிக்கை யாரும் தடுக்கவில்லை.

மண்டபத்து மேடையில் ஒரு ஏணி நின்றது. சுவரில் சாய்த்து ஆணி அடித்த, அகலப் படி வைத்த மர ஏணி. ஒவ்வொரு படியிலும் ஒரு தொழிலின் பெயர்ப்பலகை. அடியில் துப்புரவு, அதற்கு மேல் காவல், அதற்கு மேல் ஓட்டுநர் என்று ஏறிக்கொண்டே போய், விமானி, நீதிபதி, எல்லாவற்றுக்கும் உச்சியில் டாக்டர். அதைச் செய்த தச்சர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தச்சருக்கு எந்தப் படி என்று கேட்டாராம். "நீங்க ஏணியைச் செஞ்சவர். அதுக்கு வெளியில இருக்கறவர்" என்று சொல்லி, மரியாதையாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள்.

கீழ்ப்படிகளுக்கு ஆட்களை அழைக்கவில்லை. அங்கே பிள்ளைகள் தாமாகவே போய்ச் சேர்ந்துவிடுவார்கள் என்பது மேலிடத்தின் கணிப்பு.

ஏணியின் அடியில், திட்டத்தை நடத்த மேலிடம் அனுப்பியிருந்த லட்சிய அலுவலர் பம்பரமாகச் சுழன்றுகொண்டிருந்தார். கழுத்தில் தொங்கிய அட்டையில் அவருக்கும் 'பொறுப்பு' என்று போட்டிருந்தது. காதில் வைத்திருந்த போனை எடுத்துவிட்டுத் தலைமையாசிரியையைப் பார்த்தார். அலுவலர் முகத்தில் ஈயாடவில்லை.

"டாக்டர் வரலையாம் மேடம். ஆபரேஷனாம்."

"நீதிபதி?"

"தீர்ப்பை ஒத்திவெச்சிருக்காராம். அதோட இதையும் ஒத்திவெச்சுட்டார்."

"விமானி?"

"அவர் மேலதான் இருக்காராம். இறங்கினதும் பேசறாராம்."

மேல்படிகள் மூன்றும் காலி. காலிப் படியைப் பார்க்கும் பிள்ளைக்கு லட்சியம் இறங்கிவிடும் என்று விதிமுறையிலேயே இருக்கிறது. மதியத்துக்குள் துறையின் இணை இயக்குநர் வேறு வருகிறார். அலுவலர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எதுக்குப் பதட்டப்படறீங்க? பொறுப்பு போட்டுடலாம்" என்றார் தலைமையாசிரியை. பொறுப்புப் போடுவதில் அவருக்கு இருந்த அனுபவம் வேறு யாருக்கும் இல்லை.

ஏணியில் இல்லாவிட்டாலும் ஆள் கணக்குக்காகத் தலைமையாசிரியை வரவழைத்திருந்த பெரியவர்கள் மூன்றே பேர். சலூன்காரர், பஸ் கண்டக்டர், மெக்கானிக். சலூன்காரரிடம் முடிவெட்டும்போது போர்த்துகிற கறுப்புத் துணி இருந்தது. அவரைப் பொறுப்பு நீதிபதி ஆக்கினார்கள். கண்டக்டர் பயணிகளோடு சம்பந்தப்பட்டவர் என்பதால் பொறுப்பு விமானி. மெக்கானிக்கின் வெள்ளைச் சட்டையையும் கையிலிருந்த கறுப்புப் பையையும் அலுவலர் மேலும் கீழும் பார்த்தார்.

"பைக்குள்ள என்ன?"

"ஸ்பேனர், கட்டிங் பிளேயர், கொஞ்சம் டியூபு..."

"டியூபு இருக்கா? அப்ப ஏறுங்க."

"எங்கங்க ஏறணும்?"

"உச்சிக்கு. இன்னிக்கு நீங்கதான் பொறுப்பு டாக்டர்."

மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "சார், எனக்கு மெஷின்தான் தெரியும்" என்றார்.

"எனக்கு நீர்ப்பாசனம்தான் தெரியும்" என்றார் அலுவலர். "நான் லட்சியம் பாக்கலையா? ஏறுங்க."

வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு என்று மனைவி சொன்னது நினைவுக்கு வந்தது. மெக்கானிக் ஏறினார். உச்சிப்படியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தார். மண்டபம் நிறைய எண்ணெய் தடவிய தலைகள். மூன்றாம் வரிசையில் மகள் அவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா, பயப்படுகிறாளா என்று அந்த உயரத்திலிருந்து தெரியவில்லை.

கேள்வி நேரம் தொடங்கியது. ஒரு சிறுமி எழுந்து மனப்பாடமாகக் கேட்டாள்: "மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களே, தாங்கள் மருத்துவரானது எப்படி?"

"இப்பதாம்மா ஆனேன்" என்றார் மெக்கானிக். "அந்த சார்தான் ஆக்கினாரு."

"அடக்கம்!" என்று அலுவலர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"நோயாளி ஒருவர் உடல் நடுங்கியபடி வந்தால் தாங்கள் என்ன செய்வீர்கள்?"

மெக்கானிக் யோசித்தார். நடுக்கம் அவருக்குத் தெரிந்த விஷயம்தான். "முதல்ல பிளக்கைப் பிடுங்கிடணும்" என்றார். "அப்புறம் காலைப் பாக்கணும். நாலு காலும் சமமா தரையில பதிஞ்சிருக்கான்னு."

பிள்ளைகள் குனிந்து வேகமாக எழுதிக்கொண்டார்கள். பக்கவாட்டில் நின்ற பொறுப்பு அறிவியல் ஆசிரியர், உண்மையில் அவர் விளையாட்டு ஆசிரியர், அவரும் எழுதிக்கொண்டார்.

பிறகு லட்சிய உயர்வு ஆரம்பமானது. பிள்ளைகளை முன்கூட்டியே தயார் செய்திருந்தார்கள். முதலில் கீழே ஒரு படியைச் சொல்ல வேண்டும், ஏணியிலிருப்பவரைப் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும், பிறகு மேலே ஒரு படியைச் சொல்ல வேண்டும். "காவல்" என்றான் ஒருவன். வணக்கம் சொல்லிவிட்டு "விமானி" என்றான். சான்றிதழ். "ஓட்டுநர்" என்றாள் ஒருத்தி. "நீதிபதி." சான்றிதழ்.

வரிசையில் நின்ற ஒரு வால் பையன் கணக்குப் போட்டுப் பார்த்தான். எவ்வளவு கீழே ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு உயர்வு. "முன்பு உன் லட்சியம் என்ன?" என்று கேட்டதும், "திருடன்" என்றான் கம்பீரமாக. "இப்போது?" "நீதிபதி." அலுவலருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இவ்வளவு பெரிய உயர்வு எங்குமே பதிவானதில்லை என்று மைக்கில் அறிவித்தார். அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரும் ஓட்டுநராகவோ காவலராகவோ ஆரம்பிக்கவில்லை. பிக்பாக்கெட், கள்ளநோட்டு, கொள்ளைக்கூட்டத் தலைவன் என்று வரிசையாக வந்து வணக்கம் சொல்லித் திருந்திவிட்டுப் போனார்கள். கறுப்புத் துணி போர்த்திய சலூன்காரர் தன் சட்டைப்பையை ஒரு கையால் மூடிக்கொண்டார்.

அப்படியாகக் கடைசி ஆளாக மெக்கானிக்கின் மகள் முறை வந்தது. அவள் ஏணிக்கடியில் வந்து நின்றாள்.

"முன்பு உன் லட்சியம் என்ன?"

"டாக்டர்."

அலுவலர் சிரித்தார். "அது அப்புறம்மா. இப்ப முதல்ல என்னன்னு சொல்லு."

"முதல்லயும் டாக்டர்தான் சார்."

"முதல்லயே டாக்டர்னா, அப்புறம் எங்க போவ?"

"டாக்டராத்தான் ஆவேன்."

அலுவலரின் சிரிப்பு மறைந்தது. "இதப் பாரு, முன்ன டாக்டர், பின்ன டாக்டர்னா உயர்வு பூஜ்யம். உயர்வு இல்லைன்னா சான்றிதழ் இல்ல. சான்றிதழ் இல்லைன்னா உயிரியல் பிரிவு இல்ல. டாக்டராகணும்னா நீ முதல்ல டாக்டராக ஆசைப்படாம இருக்கணும். புரியுதா?"

"புரியல சார்."

"மேடம், இந்தப் பொண்ணு படிக்கிற பொண்ணுன்னு சொன்னீங்களே!"

தலைமையாசிரியை பக்கத்தில் வந்து மெல்லிய குரலில் சொன்னார்: "ஏதாவது ஒண்ணச் சொல்லிட்டுப் போயேன்மா. பேச்சுக்குத்தான். மெக்கானிக்னு சொல்லேன். அது ஏணியிலேயே இல்ல, ரொம்பக் கீழன்னு எடுத்துக்குவாங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கு உச்சிப்படியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். மகளின் காது நுனி சிவந்துவிட்டது.

"மாட்டேன்" என்றாள்.

மெக்கானிக்குக் கோபமெல்லாம் வரவில்லை. பயம்தான் வந்தது. ஒரு சொல், ஒரே ஒரு சொல், அதைச் சொல்லிவிட்டால் அவளுக்கு உயிரியல் பிரிவு. உச்சியிலிருந்து குனிந்து, தன் மார்பில் தானே கைவைத்துக் காட்டி, சொல்லு, சொல்லு என்று சைகை செய்தார். "சொல்லு கண்ணு! அப்பா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்! கீழன்னே சொல்லு!" என்று கெஞ்சியே விட்டார். மகளைப் பெற்றவன் மண்டபம் நிறைய ஆட்கள் இருக்கும்போது அப்படிக் கெஞ்சுவது பார்க்க நன்றாக இல்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. விழவில்லை.

"டாக்டர் மேலயிருந்து தலையிடக் கூடாது" என்றார் அலுவலர்.

அந்தச் சமயத்தில் வெளியே கார் வந்து நின்றது. இணை இயக்குநர் வந்துவிட்டார். மகளை ஓரமாக நிற்கச் சொல்லி, யோசித்து வைக்கச் சொல்லிவிட்டு அலுவலர் வாசலுக்கு ஓடினார்.

இணை இயக்குநர் மெலிந்த மனிதர். துறையில் அவர் ஒருவர்தான் நிரந்தரம். அதனாலோ என்னவோ களைத்துப் போயிருந்தார். மேடையேறி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.

"மாணவச் செல்வங்களே! எந்தத் தொழிலும் தாழ்ந்ததில்லை. இந்த ஏணி உயர்வு தாழ்வு காட்டுவதற்காக வைக்கப்பட்டதல்ல. மேலே இருக்க வேண்டியவர்கள் மேலே இருக்கிறார்கள், கீழே இருக்க வேண்டியவர்கள் கீழே இருக்கிறார்கள். அவ்வளவுதான். எங்கள் துறைக்கு லட்சியத்தின் அருமை தெரியும். எப்படித் தெரியும்? எங்கள் துறையில் இருக்கும் அத்தனை பேருமே வேறு ஏதோ ஆக நினைத்தவர்கள்! நான் புல்லாங்குழல் வாசிக்க நினைத்தேன். எனக்கு மேலே இருப்பவர் கப்பலில் போக நினைத்தார். அவருக்கும் மேலே இருப்பவர் என்ன நினைத்தார் என்று அவருக்கே மறந்துவிட்டது. லட்சியம் தவறியவர்கள் கையில்தான் லட்சியம் பத்திரமாக இருக்கும் என்று கருதி அரசு எங்களிடம் இதை ஒப்படைத்திருக்கிறது."

கைதட்டல். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஆனால் ஒரு வருத்தம். எத்தனையோ பள்ளிகளுக்குப் போய்விட்டேன். டாக்டர் என்கிறார்கள், விமானி என்கிறார்கள். இணை இயக்குநர் ஆக வேண்டும் என்று இதுவரை ஒரு பிள்ளைகூடச் சொன்னதில்லை. நாங்களும் காலையில் எழுந்து குளித்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறோம். ஏன் எங்களைப் பார்த்து யாருக்கும் எதுவும் ஆகத் தோன்றுவதில்லை?"

அது ரொம்பவும் நியாயமான கேள்வி. மெக்கானிக்குக்கூட மனசு கரைந்தது.

இணை இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எத்தனை சதவீதம்?" என்று அலுவலரிடம் கேட்டார்.

"நூறு சார். ஒரே ஒரு பொண்ணு பாக்கி."

"பாக்கி இருக்கும்போது நூறு எப்படி?"

"அறிக்கையை நேத்தே மேலிடத்துக்கு அனுப்பிட்டோம் சார். காலையில பாராட்டும் வந்துடுச்சு."

பாராட்டு வந்துவிட்ட பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. மகளை மறுபடியும் ஏணிக்கடியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இம்முறை இணை இயக்குநரே கேட்டார்.

"சொல்லும்மா. முன்பு உன் லட்சியம் என்ன?"

மெக்கானிக் படியை இறுகப் பிடித்துக்கொண்டார். மெக்கானிக்னு சொல்லிடு தாயே என்று அவர் உதடு முணுமுணுத்தது. மகள் நிமிர்ந்து அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு இணை இயக்குநரைப் பார்த்தாள்.

"இணை இயக்குநர் ஆகணும்னு நினைச்சேன் சார்."

இணை இயக்குநரால் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "என்ன சொன்ன? மைக்கில் சொல்லும்மா."

"இணை இயக்குநர்."

அந்த மனிதர் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டார். கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா!" என்று மண்டபத்தைப் பார்த்துச் சொன்னார். "பாத்தீங்களா! இத்தனை வருஷத்துல முதல் பிள்ளை! எழுதுய்யா, எழுதிக்கோ!" அலுவலர் அவசர அவசரமாக எழுதிக்கொண்டார். தலைமையாசிரியை முதலில் கைதட்ட, மண்டபமே கைதட்டியது. சலூன்காரர் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்துத் தட்டினார்.

"மேலே பார்த்து வணக்கம் சொல்லும்மா."

மகள் பொறுப்பு டாக்டருக்கு வணக்கம் சொன்னாள். அவரும் பதறிப் போய்த் திருப்பிச் சொன்னார்.

"இப்போது உன் லட்சியம் என்ன?"

"டாக்டர் சார்."

கைதட்டல் பாதியில் நின்றது. இணை இயக்குநர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சிரிப்புக்கு விஷயம் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

"அதாவது... இணை இயக்குநர்லேர்ந்து டாக்டருக்கு?"

"ஆமா சார். இவரைப் பாத்ததும் மாறிட்டேன்."

"இது உயர்வா, இறக்கமா?" என்று இணை இயக்குநர் அலுவலரிடம் கேட்டார்.

அலுவலர் ஏணியைப் பார்த்தார். ஏணியில் இணை இயக்குநர் என்ற படி இல்லை. ஏணியை உருவாக்கிய துறைக்குத் தன்னை எங்கே வைப்பது என்று தோன்றவில்லை. "சார்... இறக்கம்னு எழுதினா நூறு சதவீதம் போயிடும். அதுவும் உங்களை நேர்ல பாத்த பிறகு ஒரு பிள்ளையோட லட்சியம் இறங்கிடுச்சுன்னு ஆகும்."

"உயர்வுன்னு எழுதினா?"

"எழுதினா... நீங்க கீழன்னு ஆகும்."

"நான் கீழயா?"

அலுவலர் தன் அட்டையிலிருந்த 'பொறுப்பு' என்ற சொல்லைத் தடவிக்கொண்டார். தலைமையாசிரியை கூரையைப் பார்த்தார். இணை இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கடைசியில் உச்சிப்படியில் இருந்தவரை அண்ணாந்து பார்த்தார். படித்தவர், பெரிய இடத்தில் இருப்பவர், நியாயம் சொல்வார் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"டாக்டர், நீங்களே சொல்லுங்க. நான் மேலயா, கீழயா?"

மெக்கானிக்குப் பொய் சொல்லவும் தெரியவில்லை, சுற்றி வளைக்கவும் தெரியவில்லை. கேட்ட கேள்விக்குக் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்.

"சார், நான் இருக்கற இடத்துலேர்ந்து பாத்தா... நீங்க கீழதான் நிக்கறீங்க."

தச்சர் தன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆமாம் என்று தலையாட்டினார்.

பிறகு இணை இயக்குநர் பேனாவை வாங்கினார். மேலிடத்தின் பாராட்டை அவரால் திருப்பி அனுப்ப முடியாது. சான்றிதழில் முன்பு என்ற இடத்தில் 'இணை இயக்குநர்' என்றும், பின்பு என்ற இடத்தில் 'டாக்டர்' என்றும் அலுவலர் எழுத, உயர்வு உண்டு என்று தாமே கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதவியின் முத்திரையையும் அதன் மேலேயே குத்தினார். குத்திய பிறகு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா படிம்மா" என்றார். நிஜமாகவேதான் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்க் காரில் ஏறினார்.

தலைமையாசிரியை மேடையிலேயே, அலுவலர் தடுப்பதற்குள், மேல்வகுப்பு உயிரியல் பிரிவின் முதல் இடத்தில் அவள் பெயரைப் போட்டுவிட்டார். "இந்தப் பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒருத்தியாவது நிரந்தரமா ஏதாவது ஆகட்டும்" என்றார்.

மெக்கானிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளையாகப் பிறந்து அப்பன் பெயரைக் கீழே போடாமலே காரியத்தை முடித்துவிட்டாளே என்று உச்சிப்படியில் உட்கார்ந்தபடியே ஒரு பாட்டம் அழுதார். கர்ச்சீஃப் கொண்டுவரவில்லை. பையில் இருந்த மெஷின் துடைக்கிற துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டதில் வெள்ளைச் சட்டையெல்லாம் கிரீஸ் ஆகிவிட்டது.

மண்டபம் காலியானது. நீதிபதி துணியை மடித்துக்கொண்டு சலூனுக்குப் போய்விட்டார். விமானிக்கு இரண்டு மணி பஸ். மெக்கானிக் மட்டும் இன்னும் மேலேயே இருந்தார்.

"சார், நான் இறங்கலாமா?"

அலுவலர் கையிலிருந்த விதிமுறைகளைப் புரட்டினார். "அது அப்படிச் சட்டுனு முடியாதுங்க. பொறுப்பு ஏத்துக்கிட்டவர் யார்கிட்டயாவது பொறுப்பை ஒப்படைச்சிட்டுத்தான் இறங்கணும். டாக்டர்தான் வரலையே, இப்ப யார்கிட்ட ஒப்படைப்பீங்க?"

மகள் சான்றிதழைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இறங்குப்பா" என்றாள். "இனிமே நான் பாத்துக்கறேன்."